சிறுநீரகத்தில் ஏறும் ஊசியும் நோயாளிக்கு விளங்காத மொழியும்

சிறுநீரக நோயைப் பற்றி இந்நாட்டில் எழுதப்பட்டவையும் பேசப்பட்டவையும் ஏராளம். வடமத்திய மாகாணத்தின் விவசாயக் கிராமங்களில் 1990களில் இனங்காணப்பட்ட, காரணம் இன்னதென்று இன்றுவரை ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய், பதவியா, மதவாச்சி, மெதிரிகிரிய, கிராந்துருகோட்டை எனத் தொடங்கி வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை மாவட்டங்களின் எல்லைக் கிராமங்களையும் எட்டிவிட்டது. குடிநீரா, களைநாசினியா, பார உலோகங்களா, கொளுத்தும் வெய்யிலில் உடல் வற்றும்வரை உழைப்பதா என்று விஞ்ஞானிகள் விவாதித்து வந்துள்ளனர். கிளைபோசேற் 2015இல் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்குமாக அத்தடை தளர்த்தப்பட்டது. பொலனறுவையில் சீன உதவியுடன் நிர்மாணிக்கப்பட்ட விசேட சிறுநீரக வைத்தியசாலை 2021இல் திறந்துவைக்கப்பட்டது. தேர்தல் மேடைகளிலும் சிறுநீரகம் பேசுபொருளாகியது.

இத்தனை பேச்சுக்கும் நடுவே, நோயாளி ஒருவர் வைத்தியசாலைக் கட்டிலில் குப்புறக் கிடக்க, அவரது முதுகின் வழியே ஊசி ஒன்று சிறுநீரகத்துள் செலுத்தப்படும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றியும், அதனைத் தொடரும் ஒரு பகலையும் இரவையும் பற்றியும் எவரும் பேசுவதாகத் தெரியவில்லை. 'பயொப்சி' என்று வைத்தியர்களும் 'சதை எடுத்துப் பார்ப்பது' என்று சனங்களும் சொல்லும் இப்பரிசோதனையால் ஏற்படும் சிக்கல்கள் அரிதானவை, பெரும்பாலும் சமாளிக்கத்தக்கவை. அவை உயிராபத்தாக மாறுவது பெரும்பாலும் எங்கே என்று பார்த்தால், ஊசி ஏறும் கணத்தில் அல்ல, அதற்குப் பிந்திய மணித்தியாலங்களில்தான். அந்த மணித்தியாலங்களில் நோயாளியைக் காப்பது அவருக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லப்பட்டதா என்பதே தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரை நாம் எழுப்பவேண்டிய கேள்வியாகும்.

முதலில் பரிசோதனையை விளங்கிக்கொள்வோம். சிறுநீரில் புரதம் வெளியேறுகிறது, கால் முகம் வீங்குகிறது, குருதிப் பரிசோதனையில் கிரியேற்றினின் ஏறிக்கொண்டு போகிறது. இவை ஒரே நோயின் அடையாளங்கள் அல்ல. பத்துப் பதினைந்து வெவ்வேறு நோய்கள் இதே முகத்தைக் காட்டக்கூடும். ஒன்றுக்கு ஸ்ரெரொயிட் மருந்து உயிர்காக்கும். இன்னொன்றுக்கு அதே மருந்து வீண் மட்டுமன்றி உடலுக்குக் கேடும் விளைவிக்கும். எது எதுவென்று பிரித்தறிய, சிறுநீரகத்தின் இழையத்தை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்பதைத் தவிர பல சந்தர்ப்பங்களில் வேறு வழியில்லை. குறிப்பாக, இளம் பெண்களை அதிகம் பிடிக்கும் 'லூபஸ்' நோய் சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கையில் சிகிச்சையின் போக்கையே தீர்மானிப்பது இந்தத் துணுக்குத்தான். மாறாக, நீண்டகால நீரிழிவால் சிறுநீரகம் பழுதுபட்ட பெரும்பாலானோருக்கும், உடல் வீங்கி வரும் சிறு பிள்ளைகளில் முதல் மருந்துக்கே குணமடைந்துவிடும் பெரும்பாலானோருக்கும் இது தேவைப்படுவதில்லை.

நோயாளியின் வயிற்றின் கீழ் தலையணை ஒன்று வைக்கப்படும். ஸ்கான் கருவியால் சிறுநீரகத்தின் கீழ்முனை தேடிக் கண்டறியப்படும். தோலுக்கும் அதன் கீழுள்ள தசைக்கும் விறைப்பு ஊசி போடப்படும். பின்னர், ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு மட்டிலான ஊசி உள்ளே சென்று, விசை தட்டப்பட்டதும் நூல்போன்றதொரு துணுக்கை வெட்டி எடுத்துவரும். பெரும்பாலும் இரண்டு துணுக்குகள் எடுக்கப்படுகின்றன. அவற்றில் போதிய எண்ணிக்கையில் கலன்கோளங்கள் இல்லாவிட்டால் முடிவு சொல்ல முடியாது. அப்போது மறுபடியும் ஊசி. போதாத மாதிரியும் ஒரு சிக்கலே என்பது நமது கருத்து; ஏனெனில் ஆபத்தை நோயாளி இரண்டாவது தடவையும் சந்திக்க வேண்டியுள்ளது. ஆயினும் சிக்கல்களின் பட்டியலில் இதனை எவரும் சேர்ப்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு சரித்திரச் செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. சுவீடனின் லுண்ட் நகரில் நில்ஸ் அல்வால் என்ற வைத்தியர் 1944இலேயே ஊசிமூலம் சிறுநீரக இழையத்தை எடுக்கத் தொடங்கியவர். 13 நோயாளர்களிடம் அதனைச் செய்தார். அவர்களில் ஒருவர் இறந்துபோகவே, அல்வால் அம்முறையையே கைவிட்டார். தமது அனுபவத்தை 1952 வரை வெளியிடவுமில்லை. அதற்கிடையில் 1951இல் கோபன்ஹேகனைச் சேர்ந்த இவர்சனும் புறூனும் தமது முறையை உலகுக்கு அறிவித்துவிட்டார்கள். நோயாளியை உட்காரவைத்தே அவர்கள் ஊசி ஏற்றினர். ஏறத்தாழ பாதிப் பேரிலேதான் தக்க இழையம் கிடைத்தது. 1954இல் கார்க், மியூர்க்கி என்ற இருவர் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து வேறு வகை ஊசியைப் பாவித்தபோது 96 சதவீத வெற்றி கிட்டியது. ஸ்கான் வந்தது பின்னாளில். தானே வெட்டும் விசை ஊசி வந்தது அதற்கும் பின்னாளில். இன்று இப்பரிசோதனை பாதுகாப்பானது என்று சொல்லப்படுவதில் உண்மை இருக்கிறது. ஆனால் அல்வாலைத் தயங்கவைத்த அந்த ஒற்றை மரணம் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை.

கணக்கைப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டு அமெரிக்க சிறுநீரகவியல் சங்கத்தின் மருத்துவச் சஞ்சிகையில், 87 ஆய்வுகளைத் திரட்டி, 1 இலட்சத்து 18 ஆயிரத்துக்கும் அதிகமான பரிசோதனைகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று வெளியாகியது. அதன்படி, சிறுநீரகத்தைச் சுற்றிக் குருதி தேங்கியவர்கள் நூற்றுக்கு 11 பேர். இவர்களிற் பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. சிறுநீரில் கண்ணுக்குத் தெரியும்படி குருதி போனவர்கள் 3.5 சதவீதம். குருதி ஏற்ற வேண்டியிருந்தவர்கள் 1.6 சதவீதம். குருதிப்பெருக்கை நிறுத்துவதற்கு வேறு சிகிச்சை தேவைப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு மூவர். இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு ஆறு பேர். ஏற்கனவே நோய் முற்றி வைத்தியசாலையில் கிடப்பவர்களுக்கும், சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவர்களுக்கும் ஆபத்து இதனிலும் கூடுதல்.

பத்தாயிரத்துக்கு ஆறு என்பது சிறிய எண்தான். அது ஏன் பூச்சியமாகவில்லை என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். எமது இரு சிறுநீரகங்களுக்கூடாகவும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் குருதி பாய்கிறது. இருதயம் வெளித்தள்ளும் குருதியில் ஐந்திலொரு பங்கு. வேறெந்த உறுப்பும் தன் பருமனுக்கு இந்தளவு குருதியைப் பெறுவது அரிது. அத்தகைய உறுப்பில் துளையிட்டால் குருதி கசியத்தான் செய்யும். பெரும்பாலானோரில் அது தானாக உறைந்து நின்றுவிடும். சிலரில் நிற்பதில்லை. உயர் குருதி அழுத்தம் கட்டுப்படாமல் இருப்பதும், குருதியில் யூரியா மிகுந்து குருதிச் சிறுதட்டுகள் சரிவரத் தொழிற்படாமையும், அஸ்பிரின், குளோபிடோகிறெல் போன்ற குருதி உறையாமற் செய்யும் குளிசைகளும் இதற்கான காரணங்களுட் சில. அரிதாக, ஊசி சென்ற பாதையில் நாடியும் நாளமும் தமக்குள் இணைந்துகொள்வதுண்டு. பெரும்பாலும் அதுவும் தானே மூடிக்கொள்ளும். இன்னும் அரிதாக, சுற்றித் தேங்கிய குருதி சிறுநீரகத்தை நெரித்துக் குருதி அழுத்தத்தை ஏற்றிவிடும். குருதிக் கட்டி சிறுநீர்ப்பையை அடைத்துச் சலம் போகாமல் நின்றுவிடுவதும் உண்டு. நிறுத்த முடியாத குருதிப்பெருக்கென்றால், கதிரியக்கப் பிரிவில் மெல்லிய குழாயைத் தொடை நாடிவழியே செலுத்திக் கசியும் கிளையை மட்டும் அடைக்கும் சிகிச்சை உண்டு. அந்த வசதி எமது நாட்டின் எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை.

எமது மக்களுக்கு மிக முக்கியமானது இனிவரும் செய்தி. அமெரிக்காவில் 750 பரிசோதனைகளை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வொன்று, சிக்கல்கள் எப்போது வெளிப்படுகின்றன என்று மணிக்கணக்கில் அளந்தது. எட்டு மணித்தியாலம் மட்டும் அவதானித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குச் சிக்கல்கள் வைத்தியரின் கண்ணிற்படாமலே போய்விடும் என்பது அதன் முடிவு. 24 மணித்தியாலம் வைத்திருந்தால் பத்தில் ஒன்பது மட்டில் பிடிபட்டுவிடும். எஞ்சிய ஒரு பங்கு வீட்டிலேதான் வெளிப்படும்; சிலவேளை ஒரு வாரம் கழித்துக்கூட.

கொழும்பில் வசிப்பவருக்கு வீடு என்பது வைத்தியசாலையிலிருந்து அரைமணி நேரம். செட்டிகுளத்திலோ வெலிஓயாவிலோ மூதூரிலோ மஸ்கெலியாவின் மேல்பிரிவுத் தோட்டமொன்றிலோ இருப்பவருக்கு? வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 140 கிலோமீற்றர். அநுராதபுரம் அதனிற் பாதிக்கும் குறைவு. கட்டிலுக்கு ஆள் காத்திருக்கும் விடுதியிலிருந்து மறுநாட் காலை துண்டு வெட்டி அனுப்பப்படும் நோயாளி, குண்டும் குழியுமான பாதையில் பஸ்ஸிலும் பின்னர் முச்சக்கரவண்டியிலும் குலுங்கிக் குலுங்கி வீடு சேர்கிறார். மறுநாள் வயல் வேலை காத்திருக்கிறது. தண்ணீர்க் குடம் காத்திருக்கிறது. இரண்டு வாரத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது, சைக்கிள் மிதிக்கக்கூடாது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும். எந்த மொழியில் சொல்லப்பட்டது?

இங்கேதான் விடயத்தின் மையத்துக்கு வருகிறோம். இந்நாட்டின் வைத்தியசாலைக் குறிப்புகளும் நோய் நிர்ணய அட்டையும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. வைத்தியர்களுக்கிடையிலான தொடர்புக்கு அது வசதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வடக்கு கிழக்குக்கு வெளியேயுள்ள பெரும்பாலான வைத்தியசாலைகளில் விடுதியின் பேச்சுமொழி சிங்களம். அங்கே படுத்திருக்கும் மலையகத் தொழிலாளியும், ஹொரவப்பொத்தானையின் முஸ்லிம் விவசாயியும், வவுனியாவிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்த் தாயும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதையும் சிங்களத்தில் சொல்லப்பட்டதையும் கொண்டே தமது உடலுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஊகிக்க வேண்டியவர்களாக உள்ளனர். முஸ்லிம்களுள் ஆண்கள் பலருக்குச் சிங்களம் சரளம். வீட்டோடு இருந்த மூத்த பெண்கள் பலருக்கு அப்படியல்ல. இவ்வேறுபாட்டை விடுதியில் எவரும் கவனிப்பதில்லை. கணவர் தலையாட்டினால் மனைவிக்கும் விளங்கியதாகக் கொள்ளப்படுகிறது.

மொழிபெயர்ப்பாளர் யார்? அடுத்த கட்டில் நோயாளி, வருகை நேரத்தில் வந்த பள்ளிக்கூடப் பிள்ளை, சில வேளைகளில் தரையைத் துடைக்கும் சிற்றூழியர். வைத்தியர் ஐந்து நிமிடம் விளக்கியது அவர்களின் வாயில் 'பயப்பட ஒன்றுமில்லையாம், சின்ன ஊசியாம்' என்று இரண்டு வார்த்தைகளாகிவிடுகிறது. அன்பினாற் சொல்லப்படும் ஆறுதலே அது. ஆனால் குருதிப்பெருக்கு பற்றிய எச்சரிக்கை அதற்குள் காணாமற்போய்விடுகிறது. சம்மதப் படிவத்தில் கையொப்பம் விழுகிறது, அல்லது பெருவிரல் அடையாளம் விழுகிறது. சட்டத்தின் பார்வையில் அது சம்மதமாக இருக்கலாம். நம் பார்வையில் அது சம்மதமன்று.

விளங்காமையின் கேடு இரண்டு இடங்களில் நேரடியாகவே உடலைத் தாக்குகிறது. ஒன்று, பரிசோதனைக்கு முன்னர். குருதி உறையாமற் செய்யும் மருந்து ஏதும் பாவிக்கிறீர்களா என்று கேட்கப்படும். 'இல்லை' என்பார் நோயாளி. அவர் பொய் சொல்லவில்லை. கிளினிக்கில் தரப்படும் அந்த வெள்ளைக் குளிசை அவருக்கு 'இருதயக் குளிசை'. அவ்வளவுதான் அவர் அறிந்தது. அஸ்பிரின் போன்றவற்றை வைத்தியரின் ஆலோசனைப்படி ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு முன்னரே நிறுத்துவது வழக்கம். (தாமாக நிறுத்திவிடுவதும் ஆபத்து என்பதை இங்கு அழுத்திச் சொல்லவேண்டும்.) அவரது மொழியில் ஒருவர், 'நெஞ்சு வருத்தத்துக்கு ஏதாவது குளிசை போடுகிறீர்களா, பையைக் காட்டுங்கள்' என்று கேட்டிருந்தால் விடயம் அப்போதே வெளிவந்திருக்கும்.

மற்றையது, ஊசி ஏறும் அதே கணம். நாம் மூச்சு விடும்போதெல்லாம் சிறுநீரகம் மேலும் கீழும் அசைகிறது. ஆகவே ஊசி உள்ளே இருக்கையில் நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கவேண்டும். 'ஹுஸ்ம அல்லாகென இன்ன' என்று கட்டளை வருகிறது. குப்புறக் கிடக்கும், வைத்தியரின் முகத்தையோ சைகையையோ காண முடியாத ஒருவருக்கு அந்த வார்த்தைகள் விளங்காவிட்டால் அவர் என்ன செய்வார்? திடுக்கிட்டுப் பெருமூச்சு விடுவார்; சில வேளை திரும்பிப் பார்க்க முனைவார். ஊசி முனை உறுப்பைக் கிழிப்பதற்கு அதுவே போதும். மொழியுரிமை என்றதும் வீதிப் பெயர்ப்பலகையையும் அரச கடிதத்தலைப்பையும் மட்டுமே நினைத்துக்கொள்பவர்கள் இந்தக் கட்டிலையும் ஒருகணம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

சட்டத்தில் குறையில்லை. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம், அரச அலுவலர்களுடன் தமிழிலோ சிங்களத்திலோ கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் எழுதிவைத்தது. அதனைக் கண்காணிக்க 1991இன் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது. பிரதேச செயலகத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் இவ்வுரிமையைக் கோரிய நமது அரசியல்வாதிகள் விடுதிக் கட்டிலுக்கு அதனைக் கோரியமை குறைவு. வைத்தியசாலையில் உரிமை பேசினால் கவனிப்புக் குறைந்துவிடுமோ என்ற நோயாளியின் அச்சமும் இம்மௌனத்துக்கு ஒரு காரணம்.

ஒரு சங்கடமான உண்மையையும் மறைப்பதற்கில்லை. நோர்வே நாடு 1988இலிருந்து தனது சிறுநீரகப் பயொப்சிகளைத் தேசியப் பதிவேட்டில் குறித்து வருகிறது. 9,288 பரிசோதனைகளை ஆராய்ந்து 2012இல் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, குருதி ஏற்ற நேர்ந்தவர்கள் 0.9 சதவீதம் மட்டுமே. ஆண்டொன்றில் சொற்பமான பரிசோதனைகளையே செய்யும் சிறிய நிலையங்களில் பாரதூரமான சிக்கல்கள் கூடுதலாக இருந்தன என்பதும் அதில் தெரியவந்தது. கை பழகிய இடமே பாதுகாப்பான இடம் என்பது இதன் பொருள். ஆகவே, எமது மொழி பேசும் சிறிய வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் இதனைச் செய்யவேண்டும் என்று கோருவது பொறுப்பான கோரிக்கையாகாது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகள் போன்றவற்றைப் பலப்படுத்துவது அவசியம். ஆனால் அதற்கப்பாலும் தமிழ் பேசும் நோயாளர் அநுராதபுரத்துக்கும் கண்டிக்கும் குருநாகலுக்கும் பதுளைக்கும் கொழும்புக்கும் போய்க்கொண்டேதான் இருப்பார்கள். எனவே மொழி நோயாளியைத் தேடி அங்கே போகவேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியை அடுத்து வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறிய நிலையில், எஞ்சியிருப்போரின் நேரம் இன்னும் அருகிவிட்டது என்பதையும் நாம் அறிவோம்.

காரணம் அறியா நாட்பட்ட சிறுநீரக நோயைப் பொறுத்தவரை வேறொரு கேள்வியும் உண்டு. அந்நோயில் சிறுநீரகத்தின் நுண்குழாய்களும் அவற்றுக்கிடையிலான இழையமுமே முதலில் சிதைந்து தழும்பாகின்றன என்பது வடமத்திய மாகாண விவசாயிகளிடம் பெறப்பட்ட இழையத் துணுக்குகளிலிருந்துதான் உலகுக்குத் தெரியவந்தது. விஞ்ஞானத்துக்கு அது பெரும் பேறு. ஆனால் அந்நோய்க்கெனத் தனியான மருந்து இன்றுவரை இல்லை. பரிசோதனையின் பின்னரும் அதே குருதி அழுத்தக் கட்டுப்பாடு, அதே உணவுக் கட்டுப்பாடு, கடைசியில் அதே டயலிசிஸ். நோய் முற்றிச் சுருங்கிப்போன சிறுநீரகத்தில் ஊசி ஏற்றுவது ஆபத்தைக் கூட்டும்; அங்கே கிடைப்பதும் பெரும்பாலும் தழும்பே. ஆகவே, 'இப்பரிசோதனையின் முடிவு எனது சிகிச்சையை மாற்றுமா?' என்று கேட்பதற்கு ஒவ்வொரு நோயாளிக்கும் உரிமையுண்டு. மாற்றும் என்றால் தயங்காது உடன்படலாம். ஆராய்ச்சிக்காக என்றால் அதனை வெளிப்படையாகச் சொல்லி, மறுப்பதற்கான சுதந்திரத்தையும் சொல்லவேண்டும். வயலைத் தவிர வேறெதுவும் அறியாத ஒரு மனிதர் நாட்டின் அறிவுக்காகத் தன் முதுகைக் கொடுக்கிறார் என்றால், அதனை அறிந்து கொடுத்ததாகவாவது இருக்கவேண்டாமா?

மறுபக்கத்தில், அச்சத்தினால் பரிசோதனையை மறுப்போரின் தொகையும் சிறிதல்ல. சிறுநீரகத்தில் ஊசி குத்தினால் அது பழுதாகிவிடும், பிறகு டயலிசிஸ்தான் என்ற பேச்சு ஊர்களில் உலவுகிறது. டயலிசிஸுக்குப் போனவர்களுள் சிலருக்கு முன்னர் பயொப்சி செய்யப்பட்டிருப்பதால் காரணமும் காரியமும் இடம்மாறி விளங்கிக்கொள்ளப்படுகின்றன. அவர்களைக் கொண்டுபோனது நோய், ஊசியல்ல. இதனிலும் இருண்ட வதந்தி, சிறுநீரகத்தைத் திருடிவிடுவார்கள் என்பது. சிறுநீரக வியாபாரக் குற்றச்சாட்டுகளை அடுத்து 2016 ஜனவரியில் வெளிநாட்டவருக்கான மாற்றுச் சத்திரசிகிச்சைகளை அரசாங்கம் இடைநிறுத்திய நாட்டில் இத்தகைய வதந்திக்கு மண் இருக்கத்தான் செய்யும். ஆனால் விறைப்பு ஊசியோடு விழித்திருக்கும் ஒருவரிடமிருந்து, ஒன்றரை மில்லிமீற்றர் துளைவழியே சிறுநீரகத்தை எவரும் எடுத்துவிட முடியாது. இந்த எளிய உண்மையைத் தமிழில் சொல்ல ஆளில்லாமையால், லூபஸ் நோய் கண்ட இளம் பெண்கள் கட்டிலைவிட்டு எழுந்துபோய், மாதங்கள் கழித்து மூச்சிரைக்கத் திரும்பிவருவதற்கு இடமளிக்கலாகாது.

சிக்கல் வேறு, கவனயீனம் வேறு என்பதையும் எமது மக்கள் விளங்கிக்கொள்வது நல்லது. எல்லா முன்னேற்பாடுகளும் செய்த பின்னரும் குருதி பெருகலாம். அது வைத்தியரின் குற்றமாகாது. குருதி அழுத்தத்தைப் பாராமல் ஊசி ஏற்றுவதும், நாடித்துடிப்பு ஏறுவதையும் முகம் வெளிறுவதையும் இரவு முழுதும் எவரும் கவனியாதிருப்பதும், 'முதுகு நோகுது' என்று நோயாளி தமிழில் முனகியதை எவரும் பொருட்படுத்தாதிருப்பதும் வேறு வகையின. நீதிமன்றத்தில் இவ்வேறுபாட்டை நிறுவுவது இலகுவன்று. குழந்தை ஒன்றின் மரணம் தொடர்பாக 2001இல் உயர் நீதிமன்றத்தில் முடிவுற்ற பிரபல வழக்கில், மரணத்துக்கான காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதால் நட்டஈடு கிட்டாமற் போனமை சட்டத்துறையினர் நன்கறிந்ததே. வழக்குக்குப் போய் நீதி பெறும் வழி இவ்வளவு குறுகியதாயிருக்கையில், முன்கூட்டிய எச்சரிக்கையின் பெறுமதி இன்னும் கூடுகிறது.

நாம் கேட்பது பெரிதன்று. பரிசோதனைக்கு முன்னர் தமிழ் அறிந்த தாதியோ வைத்தியரோ ஒருவர் கட்டிலருகே வரவேண்டும். ஆளில்லாவிட்டால் தொலைபேசியிலாவது அவ்விளக்கம் கிடைக்கவேண்டும். மூச்சுக் கட்டளையை முன்கூட்டியே இரண்டு மூன்று தடவை ஒத்திகை பார்க்கவேண்டும்; 'மூச்சைப் பிடியுங்கோ', 'இனி விடுங்கோ' என்ற வார்த்தைகளைக் கற்றுக்கொள்ள எந்த வைத்தியருக்கும் ஒரு நிமிடம் போதும். பெண் நோயாளியின் முதுகு திறக்கப்படும் அறையில் பெண் தாதி ஒருவர் இருப்பது, குறிப்பாக முஸ்லிம் பெண்களின் தயக்கத்தைப் பெரிதும் போக்கும். றமழான் மாதத்தில் பரிசோதனை நேர்ந்தால், குருதிக் கட்டி அடைக்காதிருக்க நீர் அருந்தவேண்டியிருக்கும் அந்நாளில் நோன்பைப் பின்னர் நோற்பதற்கு நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பதை ஊர்ப் பள்ளிவாசல்களும் நினைவூட்டலாம். ஒவ்வொரு வைத்தியசாலையும் தான் செய்த பரிசோதனைகளையும் அவற்றில் நேர்ந்த சிக்கல்களையும் நோர்வேயைப் போல ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடவேண்டும்.

வீடு செல்பவரின் கையில் ஒரு துண்டுத்தாள் இருக்கவேண்டும். சலம் மீண்டும் சிவந்தால், கட்டியாகப் போனால், சலமே போகாவிட்டால், முதுகிலோ வயிற்றிலோ நோவு கூடிக்கொண்டு போனால், தலை சுற்றி வியர்த்தால், காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே போகவேண்டும் என்றும், பயொப்சி செய்த திகதியை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும் என்றும் அதில் தமிழில் அச்சிடப்பட்டிருக்கவேண்டும். அச்சுச் செலவு தாளொன்றுக்குச் சில ரூபாய்கள். சுகாதார அமைச்சு ஒரு தடவை எழுதிச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டால் நாடெங்கும் அதனையே பயன்படுத்தலாம். அதன் மறுபக்கத்தில் சிங்களத்திலும் அதுவே இருக்கட்டும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இப்பரிசோதனைக்குப் படுக்கும் சிங்கள விவசாயியும், தமிழில் மட்டுமே பேசும் தாதியின் கட்டளைக்குக் காதுகொடுத்தபடி அங்கே குப்புறக் கிடக்கிறார்.